மஞ்சள்: வாங்கும்போதும் அரைக்கும்போதும் கறை பட்டபோதும் கேட்கிற கேள்விகள்

சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம் என்று சொன்னால் போதும், மூன்றாவது வாக்கியத்தில் பேச்சு மஞ்சளுக்கு வந்துவிடும். நல்ல மஞ்சளை எப்படிப் பார்த்து வாங்குவது, கடைத்தூள் சுத்தமானதா, மஞ்சள் பால் குடித்தால் மூட்டுவலி போகுமா என்று அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் இரண்டு தலைமுறையாக மஞ்சக்காடு இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தெரியும். மிச்சத்தைத் தேடிப் படித்தேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

மஞ்சள் வேரா, கிழங்கா?

வேர் இல்லை. கிழங்கு என்று நாம் சொல்வதையும் தாவரவியல் படித்தவர்கள் திருத்துவார்கள். மண்ணுக்கடியில் படுத்து வளரும் தண்டு என்பார்கள். இஞ்சியும் அப்படித்தான், இரண்டும் ஒரே குடும்பம். ஒரு பச்சை மஞ்சளைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறுக்கே வளையம் வளையமாகக் கணு இருக்கும், கணுவில் முளை இருக்கும். வேருக்கு இந்த இரண்டும் கிடையாது. உண்மையான வேர் நூல் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். மஞ்சள் வெட்டும்போதே அதை மண்ணோடு உதறிவிடுவோம்.

நடுவில் குண்டாக இருப்பது தாய்க்கிழங்கு. அதிலிருந்து விரல் விரலாகக் கிளைப்பது விரலி. சந்தையில் இரண்டுக்கும் தனித்தனி விலை. விரலிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

விதை போட்டு வளர்க்க முடியாதா?

பூ பூக்கும். இலைகளுக்கு நடுவிலிருந்து வெளிர்ப்பச்சையும் வெள்ளையுமாக ஒரு கதிர் எழும்பும், பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் விதை கட்டுவது அரிது. மஞ்சளில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இல்லாமல் மூன்று தொகுதியாக, மொத்தம் 63 இருக்கின்றன. மூன்றைச் சமமாகப் பாதியாக்க முடியாததால் விதை சரியாக உருவாவதில்லை. நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதே மாதிரிக் காரணம்தான். அதனால் கிழங்கையே எடுத்து வைத்து மறு வருடம் நடுகிறோம். ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ வரை விதை மஞ்சள் பிடிக்கும், ஆகவே காட்டில் இறங்குவதற்கு முன்பே பெரிய செலவு.

அத்தி பூத்தாற்போல் கிடைத்த விதைகளை முளைக்க வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகங்களும் உண்டு. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரபாவும் பிரதிபாவும் அப்படி வந்தவை.

எத்தனை மாதப் பயிர்?

எட்டு, ஒன்பது மாதம். வைகாசி, ஆனியில் நட்டால் தையிலும் மாசியிலும் வெட்டு. இலை தானாக மஞ்சளித்துக் காய்ந்து சாய்வதுதான் விளைந்ததற்கு அடையாளம். பொங்கலுக்குக் கடைத்தெருவில் பச்சை இலையோடு விற்கிற மஞ்சள் கொத்து, இந்த வெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிடுங்கியது.

வெட்டிய மஞ்சளை அப்படியே காயவைத்தால் என்ன? ஏன் வேகவைக்கிறார்கள்?

காயவைக்கலாம். ஆனால் முழுக் கிழங்கு உள்ளுக்குள் ஈரமாகவே கிடக்கும், மாதக்கணக்கில் காயாது, அதற்குள் முளைக்கவும் பார்க்கும். வேகவைத்தால் முளை செத்துவிடும், மாவுச்சத்து கூழாகி இறுகும், நிறம் கிழங்கு முழுக்க ஒரே சீராகப் பரவும், பச்சை வாடையும் போகும்.

எங்கள் ஊரில் மஞ்சள் வேகவைக்கிற நாள்கள் தனி உலகம். பெரிய கொப்பரையில் தண்ணீரும் மஞ்சளும், அடியில் காய்ந்த சோகையும் விறகும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் நுரை கட்டி, வெள்ளையாக ஆவி எழும்பும். அந்த ஆவியில் ஒரு மணம் வரும். அனுபவப்பட்டவர்கள் கடிகாரம் பார்க்க மாட்டார்கள், அந்த மணத்தை வைத்தே "போதும், இறக்கு" என்பார்கள். எனக்கு அந்த மூக்கு வாய்க்கவில்லை. மழுங்கிய குச்சியால் குத்திப் பார்ப்பேன், தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. வேக்காடு குறைந்தால் உள்ளே நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். கூடினால் நிறமே மங்கிவிடும். இப்போது பல இடங்களில் கொப்பரை போய், டிராக்டரில் இழுத்து வருகிற நீராவி எந்திரம் வந்துவிட்டது.

பிறகு களத்தில் பத்துப் பதினைந்து நாள் வெயில். நன்றாகக் காய்ந்ததை ஒடித்தால் ‘டிக்’ என்று உலோகம் தட்டினாற்போல் சத்தம் வரும். நூறு கிலோ பச்சை மஞ்சள் காய்ந்து முடியும்போது இருபது கிலோ அளவுக்கு இறங்கியிருக்கும். கடைசியாக, உருளும் டிரம்மில் போட்டு மேல்தோலையும் வேர்த்துணுக்கையும் தேய்த்து எடுப்பார்கள். இதற்குப் பெயர் பாலிஷ். இந்த இடத்தில்தான் வம்பும் ஆரம்பிக்கிறது, கீழே சொல்கிறேன்.

மஞ்சளுக்கு அந்த நிறம் எங்கிருந்து வருகிறது?

கர்க்குமின் என்கிற பொருளிலிருந்து. 1815-இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதன் வேதியமைப்பு என்ன என்று கண்டுபிடிக்க 1910 ஆகிவிட்டது. ஈரோட்டு மஞ்சளில் இது நூற்றுக்கு இரண்டரை முதல் நாலரை பங்கு வரை இருக்கும். அந்தத் துளி பங்குதான் அண்டா சாம்பாரையும் வேட்டி நுனியையும் ஒரே நேரத்தில் மஞ்சளாக்குகிறது.

இதன் குணம் மூன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். காரம் பட்டால் சிவக்கும் (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு, சோடா வகை). வெளிச்சம் பட்டால் வெளுக்கும்.

ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது?

மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு போடுவதால். பள்ளிக்கூட ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்கிற வேலையை நம் வீட்டு அத்தைமார்கள் தாம்பாளத்தில் செய்கிறார்கள். நம்பிக்கை இல்லையென்றால், ஆரத்தி சுற்றி முடித்த பிறகு அதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், மறுபடி மஞ்சளாகிவிடும். (சுற்றுவதற்கு முன்னால் செய்து பார்த்து அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.) சமையல் சோடா போட்டு வேகவைத்த கடலையில் மஞ்சள்தூள் போட்டால் ஒரு மாதிரிச் செம்மை தட்டுவதும் இதனால்தான்.

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. சோப்பு போட்டால் இன்னும் மோசமாகச் சிவந்துவிட்டதே?

பயப்பட வேண்டாம். சோப்பு காரம், அதனால் சிவந்தது. நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகும்படி சோப்பு போட்டுத் துவையுங்கள், அப்புறம் ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். கர்க்குமின் வெளிச்சத்தில் சிதையும். ஒரு நாள் வெயிலில் பாதி போகும், இரண்டு மூன்று நாளில் தேடினாலும் கிடைக்காது. அம்மா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, ஆனால் மஞ்சள் கறைத் துணியை என்றைக்கும் நிழலில் உலர்த்தியதில்லை.

இதே காரணத்துக்காக, மஞ்சள்தூளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் அடுக்கி வைக்காதீர்கள்.

கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நம் பங்கு. கடையில் இரண்டு மஞ்சள் வைத்தால் எது பளிச்சென்று இருக்கிறதோ அதைத்தான் எடுக்கிறோம். மஞ்சளின் வெளித்தோல் இயற்கையில் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. மண்ணும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம். பாலிஷ் போடும்போது கடைசியில் மஞ்சள்தூளையே தெளித்து மெருகேற்றுவது பழைய வழக்கம், அதில் கெடுதல் இல்லை. மழையில் நனைந்தோ வேக்காடு தப்பியோ நிறம் செத்த சரக்கைத் தள்ள வேண்டும் என்று வரும்போதுதான் மஞ்சள்தூளின் இடத்துக்கு ஈயக் குரோமேட் வருகிறது. அது பெயின்ட்டில் போடுகிற மஞ்சள் நிறமி. விலை குறைவு, பளபளப்பு அதிகம், உள்ளே இருப்பது ஈயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் ஈயம் முதலில் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய எல்லையே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் மஞ்சளில் போய் நின்றார்கள். 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு இறங்கியது: மொத்தச் சந்தையில் எக்ஸ்ரே கருவியோடு சோதனை, வியாபாரிகளுக்கு அபராதம், ஊரெல்லாம் எச்சரிக்கை அறிவிப்பு. 2021-இல் அந்த 47 பூஜ்யமானது. இரண்டே வருடம். மனது வைத்தால் முடிகிற காரியம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நம் பக்கம் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது: 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, பாட்னா, கராச்சி, பெஷாவர் சந்தைகளில் எடுத்த சில மாதிரிகளில் ஒரு கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்ததாகச் சொன்னது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும், மேல்தண்ணீர் வெளிர்மஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுக்க அடர்மஞ்சளாகிவிட்டால் சாயம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். போன வருடம் வெளியூரில் அவசரத்துக்கு ஒரு கடையில் வாங்கிய தூளை இப்படிப் போட்டேன்; ஆரஞ்சு சோடா மாதிரி ஆனது, கொட்டிவிட்டேன். முழு மஞ்சள் என்றால் ஈரக்கையால் அழுத்தித் தேயுங்கள், கையில் பெயின்ட் மாதிரி ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆனால் ஒன்று. தண்ணீர்ச் சோதனை கரையும் சாயத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். ஈயக் குரோமேட் தண்ணீரில் கரையாது, கனமானது, நல்ல பிள்ளை மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். அதனால் நான் சொல்கிற வழி: மங்கலான, பாலிஷ் குறைவான விரலியை வாங்கி, ஒடித்துப் பார்த்து, வெயிலில் ஒரு நாள் போட்டு, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மேலே மங்கல், உள்ளே ஆழ்ந்த செம்மஞ்சள் என்று இருப்பதுதான் பார்க்க வேண்டிய நிறம்.

லக்கடாங் மஞ்சள் என்று நாலு மடங்கு விலை சொல்கிறார்களே, வாங்கலாமா?

மேகாலயாவில் ஜெயின்டியா மலைப்பகுதியில் விளைவது. கர்க்குமின் ஏழு சதவீதம் அளவுக்கு இருக்கும், அதாவது ஈரோட்டு மஞ்சளைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் அரை ஸ்பூன் போடுகிற இடத்தில் கால் ஸ்பூன் போட வேண்டும். ஒரு ஸ்பூனே போட்டுவிட்டு ரசம் கசக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சமையலுக்கு எனக்கு ஈரோடு போதும், இதில் ஊர்ப்பாசமும் இருக்கலாம்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஈரோட்டுச் சந்தையில் விற்பதெல்லாம் ஈரோட்டில் விளைந்தது என்று நினைக்க வேண்டாம். தர்மபுரியிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி லாரியாக வரும்.

சமையலில் எப்போது போடுவது?

எண்ணெயில் கரையும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் தாளிப்பிலோ, வெங்காயம் வதங்கும்போதோ போடுங்கள். பருப்பில் போடுவதானால் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்த்து வேகவையுங்கள். இறக்கும் நேரத்தில் தூவினால் பச்சை வாடை நிற்கும். கருகவும் விடக்கூடாது, கசந்துபோகும்.

இலையையும் மறக்க வேண்டாம். கொங்கணிக்காரர்கள் மஞ்சள் இலையில் அரிசிமாவைத் தடவி, தேங்காய் வெல்லப் பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பார்கள், பெயர் பாத்தோளி. சுமத்ராவில் ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறியில் மஞ்சள் இலையைப் போடுவார்கள். நாமோ பொங்கல் பானையில் கட்டிவிட்டு மறுநாள் மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம்.

மஞ்சள் பால், மஞ்சள் மாத்திரை?

இரவில் ஒரு டம்ளர் பாலில் கால் ஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு மிளகு தட்டிப்போட்டுக் குடிப்பது தொண்டைக்கு இதமாக இருக்கும், யாரும் தடுக்கப்போவதில்லை. கர்க்குமின் உடம்பில் மிகக் குறைவாகத்தான் சேரும். மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு கூடுகிறது என்று 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக இது சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் விரட்டிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

மாத்திரை வேறு சங்கதி. உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கர்க்குமின் வரை சரி என்கிறது. அறுபது கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் தூள் மூன்று கிராம் என்று வைத்தால் அதில் 90 மில்லிகிராம் அளவு இருக்கும், சமையலில் அவ்வளவுகூடப் போடமாட்டோம். மாத்திரைகளிலோ ஒரே வேளைக்கு 500 மில்லிகிராம் இருக்கும், பைப்பரினும் சேர்த்திருப்பார்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய பதிவுகள் உண்டு. பித்தப்பைக் கல் உள்ளவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

காயத்தில் கடைத்தூளை அப்புவதும் வேண்டாம். பிறந்த குழந்தையின் தொப்புளில் வைப்பது கூடவே கூடாது. அந்தத் தூளை யாரும் கிருமி நீக்கி அடைத்து விற்பதில்லை.

கஸ்தூரி மஞ்சள் இதன் இன்னொரு ரகமா?

இல்லை, வேறு செடி. நெருங்கிய சொந்தம் மட்டும். உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெட்டினால் வெளிர் நிறமாக இருக்கும், கற்பூர வாடை அடிக்கும், முகத்தில் அவ்வளவாக ஒட்டாது. நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரில் கொடுக்கிற அடர்மஞ்சள் தூள் பெரும்பாலும் வேறு ஏதோ மஞ்சள். மா இஞ்சியும் இந்தக் குடும்பம்தான். மரமஞ்சளுக்கு இதோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அமெரிக்காக்காரன் நம் மஞ்சளுக்குக் காப்புரிமை வாங்கினானாமே?

வாங்கினார்கள், பிறகு பறிபோனது. 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்ததாகக் கையெழுத்துப் போட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர், அதுதான் வேடிக்கை. நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, அறிவியலாளர் மாஷேல்கர் தலைமையில் இருந்தபோது, இதை எதிர்த்து 1996-இல் மனு போட்டது. பாட்டி சொன்னாள் என்பது அங்கே செல்லாது, அச்சில் காட்ட வேண்டும். பழைய நூல்கள், இதழ்கள் என்று 32 சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1997-இல் காப்புரிமை ரத்தானது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பாரம்பரிய அறிவை எழுத்தில் தொகுத்து வைக்கும் மின்நூலகம் 2001-இல் தொடங்கியது.

இலங்கைக்கு மஞ்சள் கடத்துகிறார்கள் என்று செய்தி வந்ததே, மஞ்சளைப் போய்க் கடத்துவார்களா?

கடத்தினார்கள். உள்நாட்டு விவசாயிகளுக்கு உதவவும் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தவும் என்று 2019 கடைசியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மஞ்சள் இல்லாத சமையல் அங்கேயும் கிடையாது, உள்ளூர் விளைச்சலோ போதாது. 2020-இல் கிலோ விலை ஆயிரங்களில் ஏறியது. அப்புறம் என்ன, ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

நட்டவன் எட்டு மாதம் கழித்துத்தான் சரக்கைப் பார்க்கிறான். இந்த வருடம் விலை நன்றாக இருந்தால் எல்லோரும் நடுவார்கள், அடுத்த வருடம் சந்தை நிரம்பி விலை சரியும். 2010-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-இல் நாலாயிரம் அளவுக்கு வந்தது. வெந்து காய்ந்த மஞ்சள் வருடக்கணக்கில் கெடாது என்பதால், விலை வரட்டும் என்று குடோனில் மூட்டையை அடுக்கிக் காத்திருப்பவர்களும் உண்டு. மறுபடி 15,000-த்தைத் தாண்டப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

உலக மஞ்சளில் எழுபது சதவீதத்துக்கு மேல் இந்தியாவில்தான் விளைகிறது. 2022-23-இல் விளைந்தது 11.61 லட்சம் டன். மஞ்சளுக்குத் தனி வாரியம் கேட்டு, தெலங்கானாவின் நிஜாமாபாத் விவசாயிகள் 2019 மக்களவைத் தேர்தலில் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். அந்தத் தொகுதியில் மட்டும் 185 வேட்பாளர்கள். எங்கள் மொடக்குறிச்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், 1996 சட்டமன்றத் தேர்தலில் குறைகளைச் சொல்ல இங்கே விவசாயிகள் திரண்டு இறங்கியதில் வேட்பாளர் எண்ணிக்கை 1,033; வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், நிஜாமாபாத்தில் தொடங்கியது.

மாடியில் தொட்டியில் வளருமா?

நன்றாக வளரும், அரை நிழலும் தாங்கும். வாய் அகன்ற தொட்டியோ பையோ எடுத்து, மண்ணும் மக்கிய எருவும் கலந்து, ஒன்றிரண்டு முளை உள்ள துண்டை இரண்டு விரற்கடை ஆழத்தில் வையுங்கள். முளைக்க மூன்று நான்கு வாரம்கூட ஆகும், அதற்குள் தோண்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், மஞ்சளுக்கு எமன் அதுதான்.

பொங்கலுக்கு வாங்கிய கொத்தையே நடலாமா?

கிழங்கு முற்றியிருந்தால் நடலாம், உடனே அல்ல. இலையை அறுத்துவிட்டு, கிழங்கை நிழலில் மணலில் போட்டு வையுங்கள். சித்திரை மழைக்குப் பிறகு தானே முளைவிடும், அப்போது நடுங்கள். சில கொத்தில் கிழங்கு சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அதை நறுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு, அன்றைக்கே தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.